சென்னைக் காற்றும் இதயமும்: எந்த அறை, எந்த நேரம், எந்தச் சாலை

காற்று மாசு என்றதும் ஆஸ்துமாவும் இருமலும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஸ்டென்ட் வைத்தவர்களும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உப்பைக் குறைக்கிறார்கள், எண்ணெயைக் குறைக்கிறார்கள். மூச்சில் போகும் புகையை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. வெளிக்காற்று மாசினால் நேரும் மரணங்களில் பெரும்பங்கு மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும்தான் வருகிறது. நுரையீரல் நோய்களின் பங்கு அதைவிடக் குறைவு.

"இது டெல்லி இல்லையே, நமக்குக் கடல் காற்று இருக்கிறது" என்ற நிம்மதியும் சரியல்ல. சென்னை உட்பட 10 இந்திய நகரங்களின் 2008 முதல் 2019 வரையிலான இறப்புப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. காற்றில் மிதக்கும் நுண்துகள் (பிஎம் 2.5) குறைவாக உள்ள நகரங்களில்தான், அது சிறிது கூடினாலும் இறப்பு வேகமாக ஏறுகிறது என்று அதில் தெரிந்தது. ஏற்கெனவே புகை மண்டிய ஊரில் கன மீட்டருக்கு இன்னும் 10 மைக்ரோகிராம் கூடுவதைவிட, ஓரளவு நல்ல காற்றுள்ள ஊரில் 10 கூடுவது அதிகம் கெடுக்கிறது. இதை மறுபக்கமாகவும் பார்க்கலாம்: சென்னை போன்ற ஊரில் மூச்சில் போவதைக் கொஞ்சம் குறைத்தாலே இதயத்துக்குக் கிடைக்கும் பலன் பெரிது. எங்கே, எப்படிக் குறைப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

உள்ளே போனதும் என்ன நடக்கிறது

பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ விட்டம் உள்ள துகள். தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்து வெளியேற்றிவிடும். இது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்குகிறது. டீசல் புகையில் உள்ள இன்னும் நுண்ணிய துகள்கள் ரத்தத்துக்குள்ளேயே நுழையக்கூடியவை. 2017இல் எடின்பரோ ஆய்வாளர்கள் தன்னார்வலர்களைத் தங்க நுண்துகள்களைச் சுவாசிக்கச் செய்தார்கள். அந்தத் தங்கத்தைப் பின்னர் அவர்களுடைய ரத்தத்திலும் சிறுநீரிலும் கண்டுபிடித்தார்கள்.

பாதிப்பு மூன்று வேகங்களில் வருகிறது. புகையைச் சுவாசித்த சிறிது நேரத்திலேயே நரம்பு மண்டலம் பதற்ற நிலைக்குப் போய், ரத்தக்குழாய்கள் சுருங்கி, பிரஷர் ஏறுகிறது. அடுத்த சில மணி நேரத்தில் நுரையீரலில் தொடங்கிய அழற்சி ரத்தத்தில் பரவி, ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஒட்டும் தன்மை பெறுகின்றன. மாரடைப்பு வந்து பிழைத்த 20 ஆண்களை நீர்த்த டீசல் புகையில் ஒரு மணி நேரம் வைத்து, இடையிடையே உடற்பயிற்சி செய்யச் சொன்ன ஆய்வு 2007இல் வெளியானது. சுத்தமான காற்றில் பயிற்சி செய்தபோது இருந்ததைவிட, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதைக் காட்டும் ஈசிஜி மாற்றம் புகையில் அதிகமாக இருந்தது. அதோடு, ரத்த உறைவைக் கரைக்க உடலே சுரக்கும் புரதமும் குறைந்தது. குழாயில் ஏற்கெனவே கொழுப்புப் படிவு உள்ளவருக்கு இவை சேர்ந்து வருவதுதான் ஆபத்து. குழாய் சுருங்குகிறது, உறைவு எளிதாக உண்டாகிறது, உண்டான உறைவு கரைய மறுக்கிறது. மூன்றாவது வேகம் ஆண்டுக்கணக்கிலானது. தினமும் இந்தக் காற்றில் வாழ்கிறவர்களுக்குத் தமனிகளில் கால்சியம் படிவது வேகமாகிறது.

முதலில் படுக்கையறை

மாசு என்றால் சாலை என்று நினைப்பது இயல்பு. உள்ளே போகும் அளவைக் கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. தூங்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறோம். 8 மணி நேரத்துக்கு அது ஏறத்தாழ 2.9 கன மீட்டர். அறையில் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் பிஎம் 2.5 இருந்தால் ஓர் இரவில் 115 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. வேகநடையில் நிமிடத்துக்கு 25 லிட்டர் என்றால், 45 நிமிட நடைக்கு 1.1 கன மீட்டர். சாலையில் 60 மைக்ரோகிராம் இருந்தாலும் மொத்தம் 68தான். எனவே செலவும் முயற்சியும் முதலில் போக வேண்டியது படுக்கையறைக்கு.

அங்கே முதல் வேலை கொசுவர்த்திச் சுருளை நிறுத்துவது. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். மூடிய அறையில் சுருளைக் கொளுத்திவிட்டு வெளிக்காற்றைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமே இல்லை. கொசுவலையும் ஜன்னல் வலையும் போதும். ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் மூன்றும் இதே கணக்கில்தான் வரும். பூஜையை விடச் சொல்லவில்லை. ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, இதய நோயாளி இருக்கும் அறையிலிருந்து தள்ளி ஏற்றுங்கள்.

அடுத்தது காற்றுச் சுத்திகரிப்பான். வாங்கும்போது விளம்பரத்தைப் பார்க்காமல் பெட்டியில் உள்ள சிஏடிஆர் எண்ணைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்பதுதான் அது. 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். மணிக்கு 5 முறை அறைக்காற்று முழுவதும் வடிகட்டப்பட வேண்டும் என்று வைத்தால் 170 தேவை. ஆனால் பெட்டியில் எழுதியிருப்பது உச்ச வேகத்துக்கான எண். இரவில் சத்தம் தாங்காமல் குறைந்த வேகத்தில் வைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காமல் போகலாம். எனவே இந்த அளவு அறைக்கு 300க்கு மேல் உள்ளதை வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட்டுங்கள். நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருக்க வேண்டும். அயனியாக்கி, ஓசோன் என்று பெருமையாக எழுதியிருந்தால் அதைத் தவிருங்கள். ஓசோனும் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயுதான்.

சுத்திகரிப்பான் இருந்தும் பலன் கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வைத்திருக்கும் விதம். கட்டிலுக்கு அடியிலோ திரைச்சீலைக்குப் பின்னாலோ வைத்தால் காற்றை இழுக்க முடியாது. சுவரிலிருந்து ஒன்றரை அடி விட்டு வையுங்கள். படுக்கையறையோடு சேர்ந்த குளியலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக ஜன்னல் இடுக்கு வழியே தெருக்காற்று உள்ளே வரும். அதை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஏசி என்றால் வெளிக்காற்றுக்கான வென்ட் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை இழுக்காது, அதே நேரம் நுண்துகளை வடிகட்டவும் செய்யாது. அதில் உள்ள வலை முடியையும் பஞ்சையும் பிடிக்கத்தான். இரண்டு பேர் தூங்கும் அறையில் ஹாலுக்கான கதவைச் சிறிது திறந்து வைத்தால் மூச்சு முட்டாது.

வெளி வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். ஹெப்பாவை மட்டும் கழுவக் கூடாது. ஈரம் பட்டால் இழைகள் கெட்டுவிடும். தினமும் ஓட்டினால் 6 முதல் 12 மாதத்தில் மாற்ற வேண்டும். மூடிய அறையில் அரை மணி நேரம் ஓடியும் துகள் அளக்கும் மீட்டரில் எண் பாதிக்குக் கீழே இறங்கவில்லை என்றால், ஃபில்டர் அடைத்துவிட்டது அல்லது எங்கோ காற்று கசிகிறது.

வாங்க வசதி இல்லாவிட்டால்? டிசம்பர், ஜனவரியில் சாலைப் பக்கத்து ஜன்னல்களை இரவு 7 மணி முதல் காலை 9 மணி வரை மூடி, மற்றப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஏசி இல்லாத வீட்டில் இதைச் செய்யவே கூடாது. அந்த மாதங்களில் வெப்பம்தான் இதயத்துக்கு முதல் எதிரி. மணி பிளான்ட், பாம்புச்செடி போன்ற தொட்டிச் செடிகளை நம்ப வேண்டாம். சாதாரண அறையில் அவை நுண்துகளைக் குறைப்பதில்லை. தூசி போக வெல்லம் சாப்பிடுவதும் தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

சமையலறைக்கு ஒன்று மட்டும்: அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, அணைத்த பிறகும் 10 நிமிடம் ஓட விடுங்கள். குழாய் வழியே புகையை வெளியே தள்ளாத சிம்னி, எண்ணெய்ப் பிசுக்கையும் வாசனையையும் மட்டும் பிடித்துவிட்டு மீதியை உங்களிடமே திருப்பித் தருகிறது.

எண்ணைப் படிக்கும் விதம்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, அரும்பாக்கம், கொடுங்கையூர், ராயபுரம், பெருங்குடி நிலையங்களின் அளவுகள் கிடைக்கும். இதில் இரண்டு இடங்களில் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு.

முதலாவது, காற்றுத் தரக் குறியீட்டில் நுண்துகளுக்கான கணக்கு 24 மணி நேரச் சராசரி. காலை 6 மணிக்கு வெளியே புகைமூட்டமாக இருக்கும்போதும், நேற்றைய நல்ல மதியத்தையும் சேர்த்த எண்ணைத்தான் அது காட்டும். நடைக்குப் போகலாமா என்று முடிவு செய்ய, உங்களுக்கு அருகிலுள்ள நிலையத்தின் பிஎம் 2.5 மணிவாரி அளவைப் பாருங்கள்.

இரண்டாவது, நிறமும் பெயரும். கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் குறியீட்டில் 100, "திருப்திகரம்". அதே காற்றை அமெரிக்கக் குறியீட்டில் போட்டால் 150ஐத் தாண்டி "ஆரோக்கியமற்றது" என்று சிவப்பில் வரும். செல்போனில் வெவ்வேறு செயலிகள் வெவ்வேறு எண் காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த 24 மணி நேர வரம்பு 15. இந்திய வரம்பு 60. இந்தியக் குறியீட்டில் பச்சையாகத் தெரிவதாலேயே இதய நோயாளிக்குக் காற்று நல்லது என்று ஆகிவிடாது. குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராம் அளவை மட்டும் பார்க்கப் பழகினால் இந்தக் குழப்பம் இல்லை.

இதய நோய், பிரஷர், சர்க்கரை உள்ளவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் மணிவாரி அளவைப் பார்த்து இப்படி நடந்துகொள்ளலாம். 35 வரை வழக்கம் போல் நடக்கலாம். 35 முதல் 60 வரை பெரிய சாலையை விட்டு உள்தெருவிலோ பூங்காவிலோ, வேகத்தைக் குறைத்து நடக்கலாம். 60ஐத் தாண்டினால் அன்றைய நடை வீட்டுக்குள். 90ஐத் தாண்டினால் ஜன்னலையும் மூடி, மாடிப்படி ஏறுவது போன்ற மூச்சு வாங்கும் வேலைகளையும் தள்ளிப்போட வேண்டும்.

வீட்டில் சிறிய லேசர் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும். மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். கடலோரச் சென்னையில் விடியற்காலையில் இது அடிக்கடி நடக்கும். அந்த நேரத்து எண்ணை அருகிலுள்ள நிலையத்தோடு ஒப்பிட்டுவிட்டு நம்புங்கள்.

நடை: நேரமும் சாலையும்

விடியற்காலைக் காற்றுதான் சுத்தமானது என்பது குளிர்மாதங்களில் பொய்த்துவிடுகிறது. இரவில் தரை குளிர்ந்ததும், அதை ஒட்டிய காற்று மேலே எழும்பாமல் மூடி போட்டது போல் தங்கிவிடும். முந்தைய இரவின் லாரிப் புகையும் குப்பை எரித்த புகையும் அதற்குள்தான் கிடக்கும். வெயில் ஏறி 9 மணிக்கு மேல்தான் அது கலைகிறது. கடற்கரை நடையும் அப்படியே. கடல் காற்று பெரும்பாலும் மதியத்தை ஒட்டி உள்ளே நுழைகிறது. இரவிலும் விடியலிலும் பல நாட்களில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், மெரினாவில் காலை 5 மணிக்குக் கிடைப்பது நகரத்தின் காற்றுதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நடையை மாலை 4 முதல் 5.30 மணிக்குள் மாற்றிக்கொள்வது நல்லது. கோடையில் அதிகாலையே சரி, காரணம் வெப்பம்.

எங்கே நடப்பது என்பதற்கு லண்டனில் செய்த ஆய்வு ஒன்று தெளிவாகப் பதில் சொல்கிறது. 60 வயதைக் கடந்தவர்களை, டீசல் பஸ்களும் டாக்சிகளும் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் ஒரு நாளும், ஹைட் பார்க்கில் ஒரு நாளும் 2 மணி நேரம் நடக்க வைத்தார்கள். பூங்காவில் நடந்தபோது ரத்தக்குழாய்களின் விறைப்பு குறைந்தது. சாலையில் நடந்தபோது அந்தப் பலனில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. இதற்காக நடையையே விட்டுவிட வேண்டியதில்லை. நடப்பதால் வரும் நன்மை பெரிது. அண்ணா சாலை, ஜிஎஸ்டி சாலை, ஓஎம்ஆர் ஓரத்தை விட்டு 200 மீட்டர் உள்ளே போனாலே வாகனப் புகையின் நுண்துகள் வெகுவாகக் குறைந்துவிடும். மயிலாப்பூரில் இருப்பவருக்கு நாகேஸ்வர ராவ் பூங்காவும் அண்ணா நகரில் இருப்பவருக்கு டவர் பூங்காவும் பக்கம். மெரினாவிலும் காமராஜர் சாலையை ஒட்டி நடக்காமல் மணல் பக்கம் நடங்கள். எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்களுக்கு அனல் மின் நிலையமும் ஆலைகளும் சேர்வதால் நேரம் மட்டும் பார்த்தால் போதாது. அங்கே மணிவாரி அளவைப் பார்க்காமல் வெளியே நடக்க வேண்டாம்.

பயணமும் மாஸ்க்கும்

கர்ச்சீப், துப்பட்டா, துணி மாஸ்க் எல்லாம் பெரிய தூசிக்கு மட்டும். சர்ஜிக்கல் மாஸ்க்கின் ஓரத்தில் காற்று புகும். என்95 மாஸ்க்தான் வேலை செய்யும், அதுவும் முகத்தோடு ஒட்டினால்தான். தலையைச் சுற்றி இரண்டு பட்டைகள் உள்ளதாக வாங்குங்கள்; காதில் மாட்டுவது அவ்வளவு இறுக்கமாக உட்காராது. மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னும் கீழ்ப் பட்டை கழுத்திலும் இருக்கட்டும். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்துங்கள். பிறகு மாஸ்க்கைக் கையால் மூடி வேகமாக மூச்சை விடுங்கள். கண்ணோரத்திலோ கன்னத்திலோ காற்று பட்டால் சரியாக உட்காரவில்லை. தாடி இருந்தால் ஒட்டாது. மாசுக்காக அணியும்போது வால்வு உள்ளதும் பரவாயில்லை, மூச்சு விடுவது எளிது. வெளிப்புறம் கறுத்தாலோ பட்டை தளர்ந்தாலோ தூக்கிப் போடுங்கள், கழுவக் கூடாது.

பெய்ஜிங்கில் இதய ரத்தக்குழாய் நோய் உள்ள 98 பேரை மாஸ்க்குடன் ஒரு நாளும் இல்லாமல் ஒரு நாளும் 2 மணி நேரம் நடக்க வைத்த ஆய்வில், மாஸ்க் அணிந்த நாளில் பிரஷர் சற்றுக் குறைவாகவும் ஈசிஜி நன்றாகவும் இருந்தன. ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மாஸ்க்கே மூச்சுத்திணறலைக் கூட்டலாம். முதலில் வீட்டில் உட்கார்ந்து 15 நிமிடம் அணிந்து பாருங்கள். கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு போன்ற வாயுக்களை எந்த என்95ம் தடுக்காது.

காரில் நெரிசலுக்குள் நுழையும்போது ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை, நெரிசல் இல்லாத இடத்தில் ஓரிரு நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றினால் தூக்கக் கலக்கம் வராது. கேபின் ஃபில்டரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டூவீலரில் சிக்னலில் நிற்கும்போது பஸ், லாரியின் சைலன்சருக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள்.

போகியும் தீபாவளியும்

2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமானங்களே தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. போகிக்கு முந்தைய இரவு படுக்கும்போதே ஜன்னல்களை மூடி, கதவடியில் ஈரத்துணியை வையுங்கள். போகியன்று காலை 10 மணி வரை வெளி நடை வேண்டாம். தீபாவளியில் அனுமதிக்கப்பட்ட நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்றாலும், புகை அந்த நேரத்தோடு போவதில்லை. காலை 5.30 முதல் 9 வரையும், மாலை 6 முதல் நள்ளிரவு வரையும் மூடியே இருக்கட்டும். இதயத்தின் மீதான விளைவு அடுத்த ஓரிரு நாட்களிலும் தொடரும். அதனால் பண்டிகை முடிந்த மறுநாள் வரும் நெஞ்சு இறுக்கத்தைப் பலகாரத்தின் மேல் போட்டுவிட வேண்டாம்.

பிரஷர் நோட்டு

காற்று உங்கள் உடம்பை எவ்வளவு தொடுகிறது என்று தெரிய, ஒரு நோட்டில் பிரஷரையும் அன்றைய பிஎம் 2.5 அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பாருங்கள். கைப்பட்டை இதய உயரத்தில், சட்டைக்கு மேல் அல்லாமல் வெறும் தோலில் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், 7 நாட்கள். வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85ஐத் தாண்டினால் அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். புகை நாட்களில் ஏறுகிறதே என்று நீங்களாகவே மாத்திரையைக் கூட்டக் கூடாது. நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தவும் கூடாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தினமும் காலையில் எடையும் பார்க்க வேண்டும். 3 நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது, அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

தள்ளிப்போடக் கூடாதவை

நெஞ்சில் பாரம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத்திணறல் இவற்றில் ஏதாவது 10 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள். கடுமையாக இருந்தால் அந்த 10 நிமிடமும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல், மேல்வயிற்று எரிச்சலாகவோ மூச்சிரைப்பாகவோ மட்டும் வரலாம். "வாயுப் பிடிப்பு" என்று சோடாவும் ஓமத்தண்ணியும் குடித்துக் காத்திருந்த நேரத்தில் இதயத் தசை செத்துப்போகிறது. பெரிய மருத்துவமனை தொலைவில் இருந்தால் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் தவணையை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள். நோயாளி தானாக வண்டி ஓட்டிப் போகக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும் வரை சாய்ந்து உட்கார வைத்து, வாசல் கதவைத் திறந்துவிட்டு, மாத்திரைச் சீட்டையும் பழைய ஈசிஜியையும் எடுத்து வையுங்கள்.